கீழே ஓடும் சத்தம்

என் மச்சினனைத் தும்தும் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கியில் கூப்பிட்டால் அவனே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிற கடையில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தான். நானும் அதே கடைதான். நான் ஒயர் இழுக்கிறவன், அவன் பெட்டி பொருத்துகிறவன். டிக்கியில் வைக்கிற, தும்தும் என்று அடிச்சத்தம் போடுகிற பெரிய பாஸ் பெட்டியை அவன் கையால்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். முதலாளிக்கு அதில் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

பெட்டியைப் பொருத்தி முடித்ததும் ஓட்டிப் பார்க்க ஒரு பாட்டு வேண்டும். கடையில் இருந்த சினிமாப் பாட்டுகளைப் போட்டால் அவன் முகம் சுருங்கிவிடும். "இதுல கீழ ஒண்ணுமே இல்ல மாமா" என்பான். எல்லோருக்கும் கேட்கிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடுகிறது என்பது அவன் கட்சி. காதில் பாதி, நெஞ்சுக்கூட்டில் பாதியாக அது இறங்கும் என்பான். அப்படி ஒன்று எந்தப் பாட்டிலும் கிடைக்காததால், பெட்டியைச் சோதிப்பதற்காகத் தானே செய்ய ஆரம்பித்தான். அடியும் தாளமும் ஹிப்-ஹாப்பில் இருந்து வந்தவை. ஆனால் ராப் பாட ஆள் கிடையாது. டிரம் காலை இழுத்துக்கொண்டு, வேலைக்குப் போக மனசில்லாதவன் மாதிரி, அரை நொடி தாமதமாகத்தான் வரும். அதற்கு அடியில் கம்ப்யூட்டரில் செய்த பாஸ் ஒன்று ஊர்ந்து போகும்.

"பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று ஒரு வாடிக்கையாளர் காருக்குள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கேட்டார்.

"இதான் சார் பாட்டு."

"பாடுறவன் வரலையா?"

"அவனுக்கு லீவு சார்" என்றான் இவன். அவர் போகும்போது அதையே தனக்கும் ஒரு பிரதி போட்டுத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

முதல் முதலாக எனக்குப் போட்டுக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் கல்யாணம் முடிந்து ஆறேழு மாதம் இருக்கும். என் மாமனார் போய்ச் சேர்ந்து, அவன் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த சமயம். சாப்பிடக் கூப்பிட்டால் ஒழிய வாயைத் திறக்காமல் இருந்தவன் அன்று என்னை ஒரு காருக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். "கேக்குதா மாமா? கீழ ஓடுதே, அது?" என்றான். எனக்கு டிரம் கேட்டது, நம்பர் பிளேட் அதிர்வது கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். "கேக்குது மாப்ள" என்றேன். அந்தப் பையன் முகத்தில் அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு எத்தனையோ முறை கேட்டான், நானும் தலையாட்டினேன். பன்னிரண்டு வருஷம் தலையாட்டினேன். எனக்கு அது ஒரு பொய்யாகவே தோன்றவில்லை, வீட்டுக்கு வந்தவனிடம் "சாப்டியா" என்று கேட்பது மாதிரி ஒரு வழக்கமாகப் போயிற்று.

மூன்று தொகுப்புகளை அவனே இணையத்தில் வெளியிட்டான். ஒன்றிலும் குரல் இல்லை. நாலாவதுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. வேறொரு தேசத்தில், தன் வீட்டு முன்னறையில் இருந்தபடியே இந்த மாதிரி இசையைத் தட்டாக வெளியிடுகிற ஒருவர் எழுதியிருந்தார். பழைய காலத்துக் கறுப்பு இசைத்தட்டு, ஊசி வைத்துக் கேட்பது. ஆறு துண்டு இசை வேண்டும், தட்டின் பக்கத்துக்கு மூன்று. என் மனைவிக்கு அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துக் காட்டினான். "அக்கா, கையில எடுத்துத் தொடலாம், அந்த மாதிரி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முப்பத்திநாலு வயசாகிவிட்டது, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்றுவிட்டான், வேறு ஆசை என்று எதையும் நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஆறு துண்டுதான் அவனுக்கு எல்லாம்.

அவன் வேலை செய்கிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் எந்தச் சத்தம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. அதன்மேல் என்னுடைய கறுப்பு ஒயர் டேப்பை ஒட்டி மறைத்துவைத்திருந்தான். "கண்ணால பாத்து பாஸ் வைக்கிறவன் காதால சோறு திங்கட்டும்" என்பான். ஹெட்போனும் மாட்ட மாட்டான், அதில் அடி உடம்பில் இறங்காதாம். அறையில் ஸ்பீக்கரில் கேட்பான், பிறகு கடைக்கு வந்து ஏதாவது ஒரு காரில் போட்டுக் கேட்பான், திரும்பிப் போய் மாற்றுவான். அவன் காதுமேல் அவனுக்கு அவ்வளவு திமிர். இருக்க வேண்டிய திமிர்தான். முதல் மூன்று துண்டை அப்படித்தான் முடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஒரு ஹம்மிங் வருது. எர்த் கோளாறுன்னு நினைக்கிறேன். வந்து கேளுங்க." எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஊம் என்று ஓர் இரைச்சல் விடாமல் வரும். எங்கள் தொழிலில் அன்றாடம் பார்க்கிற சங்கதி. நான் போனேன். அறையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு, இடது பக்க ஸ்பீக்கரைக் காட்டினான். குனிந்து காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை.

"கேக்குதா?"

கீழே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம் நாக்கு நுனியிலேயே இருந்தது. "ஆமா மாப்ள, லேசா கேக்குது" என்றேன்.

அதை இத்தனை நாள் கழித்து எழுதும்போதும் என் கன்னத்தில் நானே ரெண்டு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் அவ்வளவாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். நான் ஒயர்காரன். எர்த் விஷயத்தில் நான் சொன்னதுதான் அவனுக்குக் கடைசி வார்த்தை.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். மாடி அறையின் ஒயரையெல்லாம் மாற்றினேன். அடுத்த ஞாயிறு மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக எர்த் இழுத்தேன். அதற்கடுத்த ஞாயிறு ஃபிரிட்ஜை நிறுத்தினோம், தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோம், மாடி டியூப்லைட்டைக் கழற்றினோம். "வீட்டப் பிரிச்சி வெயிலுக்குப் போடப் போறீங்களா ரெண்டு பேரும்?" என்று என் மனைவி கீழே இருந்து கத்தினாள். ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பான், "குறைஞ்சிருக்கா மாமா?" நானும் குனிந்து காதை வைத்துவிட்டு, "குறைஞ்சிருக்கு மாப்ள" என்பேன். குறைந்திருக்கிறது என்றால் சீக்கிரம் விட்டுவிடுவான் என்பது என் கணக்கு. அவன் விடவில்லை.

இடது பக்கச் சத்தம் இளைத்துப் போயிருக்கிறது என்றும் சொல்ல ஆரம்பித்தான். ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் பார்த்தான். அப்போதும் இடதுதான் இளைப்பு. சரி, அறைதான் கோளாறு என்று முடிவுகட்டி இடது சுவரில் மெத்தையை நிறுத்திவைத்தான், மேசையைத் திருப்பிப் போட்டான். தன் காதைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினான். இளைத்த பக்கத்துக்கு ஈடுகட்ட, மிச்சமிருந்த மூன்று துண்டுகளிலும் இடது பக்க பாஸைக் கூட்டிக் கூட்டி வைத்தான். சொன்ன தேதிக்கு ஆறையும் அனுப்பிவிட்டு, அன்று முழுக்கப் படுத்துக்கிடந்தான்.

நாலு நாள் கழித்து பதில் வந்தது. கடையில் வைத்து எனக்குப் படித்துச் சொன்னான். முதல் பக்கம் பிரமாதம் என்றும், இரண்டாவது பக்கத்து இசையைத் தட்டில் பள்ளமாக வெட்டவே முடியாது என்று வெட்டுகிறவர் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தது. பாஸ் நடுவில் இருக்க வேண்டும், இது மொத்தமும் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, ஊசி பள்ளத்தை விட்டு எகிறி வெளியே விழுகிறது, தவறுதலாக வேறு ஏதாவது கோப்பை அனுப்பிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

"வெட்டுறவனுக்குக் காது அவிஞ்சி போச்சு" என்றான்.

"எதுக்கும் அந்த டேப்ப எடுத்துட்டு மீட்டர ஒரு தடவ பாத்துடு மாப்ள" என்றேன்.

இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தான். மூன்றாம் நாள் டேப்பை எடுத்துப் பார்த்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், வேலைக்கு நின்றிருந்த ஒரு காருக்குள் ஏறி, தன் நாலாவது துண்டைப் போட்டான். நான் இடது முன் கதவுப் பலகையைக் கழற்றி ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் வலது காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டான். தலையை இடது ஸ்பீக்கர் பக்கம் சாய்த்தான்.

"மாமா, லெஃப்ட் ஸ்பீக்கர் போச்சு."

"போகலையே, நல்லாத்தான் அடிக்குது" என்று திறந்து கிடந்த ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தேன். அது என் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கை குதிப்பதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வலது காதில் வைத்த விரலை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலை காது டாக்டரிடம் போனோம். நடுத்தர வயது அம்மா, அதிகம் பேசாதவர். முதலில் பரிசோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நர்ஸ் வெளியே இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்பினார். வலது காதுக்கு எல்லாவற்றுக்கும் அழுத்தினான், சிலதற்கு நர்ஸே ஆச்சரியப்பட்டார். இடது காதுக்குக் கீச்சுச் சத்தங்களுக்கு அழுத்தினான். அவர் அடிச்சத்தங்களுக்கு இறங்க இறங்க, பொத்தானில் வைத்த கட்டைவிரல் அசையவே இல்லை. நர்ஸ் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வேறு யாருக்கும் கேட்காததைக் கேட்டவன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இரைச்சல் எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏழு வாரம் இருக்கும். ஆனா அது காதுல இல்ல டாக்டர், வீட்டு ஒயர்ல. அத நாங்க தனியா பாத்துட்டு இருக்கோம்."

"வீட்டுக்கு வெளியில கேக்காதா?"

"கடையிலயும் கேக்கும். அங்கயும் எர்த் சரியில்ல."

"வேற யாருக்காவது கேட்டுதா?"

"மாமாவுக்குக் கேட்டுது. அவர் எலக்ட்ரீஷியன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். "அது இவரு காதுக்குள்ளயே உண்டாகுற சத்தம். இன்னொருத்தருக்குக் கேக்க வழியே இல்ல" என்றார் அவர்.

அவன் என் பக்கம் திரும்பினான். கோபம் எல்லாம் இல்லை. கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்த ஆள் யாரென்று முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை. டாக்டர் பேசிக்கொண்டே போனார். உள்காதில் நீர் கோத்துக்கொள்கிற வியாதி, முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்பட நல்ல வாய்ப்பு இருந்தது, இப்போது முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். சிலருக்கு மற்றக் காதுக்கும் வருமாம். "அங்க இரைச்சல் ஆரம்பிச்சா அன்னிக்கே வாங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க."

காதுக்குள் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள். போனது திரும்பவில்லை. வெளியீட்டாளர் நல்ல மனுஷர். முதல் மூன்றை மட்டும் சின்னத் தட்டாகப் போடலாம் என்றார், மற்றதை வேறு ஒருவரை வைத்துச் சரிசெய்யலாம் என்றார். இவன் பதிலே போடவில்லை. மாடி அறையை மூடிவைத்துவிட்டு, கடையில் மீட்டரைப் பார்த்துப் பெட்டி பொருத்தினான். நடந்ததை அக்காவிடம் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தைரியம் எந்த நாளும் இருந்ததில்லை. என்னை மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டுவான். சாப்பாட்டு வேளையில் நான் எழுந்த பிறகுதான் இறங்கிவந்து உட்காருவான். நான் அதற்கு லாயக்கான ஆள்தான் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் இப்படியே போனது. போன வாரம் ஒரு நாள் காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில், அவன் போய் மெயின் சுவிட்சை அணைத்தான். கடையே அமைதியானது. அவன் வலது காதைக் கையால் பொத்தி, எடுத்து, மறுபடி பொத்தினான். என்னிடம் வரவில்லை. மூலையில் சீட்டுக்கு உறை தைக்கிற பெரியவரிடம் போனான்.

"அண்ணே, ஒரு சத்தம் கேக்குதா பாருங்க. ஊம்னு. எங்கயோ கரண்ட் கசியுதுன்னு நினைக்கிறேன்."

மெயினையே அணைத்தாகிவிட்டது, எங்கிருந்து கசியும்? இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காதைச் சாய்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். "ஆமாம்ப்பா, லேசா ஏதோ கேக்குற மாதிரிதான் இருக்கு" என்றார்.

அவன் பெருமூச்சு விட்டான். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"கேக்கல மாப்ள" என்றேன் நான். "அவர் உனக்காகச் சொல்றாரு. இங்க எந்தச் சத்தமும் இல்ல. கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம், இப்பவே."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னோடு பேசினான். "உங்களுக்குக் கேட்டாலும் கேக்கலைன்னாலும் அத வெச்சி நான் என்ன பண்றது?" என்றான். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் சுவிட்ச் பலகையின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டான். பெரியவர் பேந்தப் பேந்த விழித்தார். நான் வெளியே வந்து என் மனைவிக்குப் போன் போட்டேன். உன் தம்பியை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான், நீ வா என்றேன்.

"நீங்க சொல்லி அவன் எதக் கேக்காம இருந்திருக்கான்? ஏன் கேக்க மாட்டேங்கிறான்?" என்றாள்.

தெருவில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் எப்போது போனை வைத்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள், வீட்டில் போட்டுக்கொள்கிற ரப்பர் செருப்போடு. அதற்குள் அவன் பலகையில் பாதி ஒயர்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "அக்கா, நீ பொய் சொல்ல மாட்ட. நல்லா கேட்டுச் சொல்லு. ஊம்னு ஒண்ணு கேக்குதா, இல்லையா?" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முழுசாக ஒரு நிமிஷம் கேட்டாள். தெருவில் போன ஒரு வண்டியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகும் கேட்டாள்.

"இல்லடா" என்றாள்.

அவன் அந்த ஒயர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டான். எழவே மாட்டேன் என்கிறவனைப் போல இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுப்பி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். நானும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"நீங்க வர வேணாம்" என்றாள்.